அலமாரிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது: எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அம்மாவுக்கும் நிர்வாகக் குழுவில் உள்ள மற்ற எல்லாருக்கும்,

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் முடிவு வந்தது. மூன்றே வரி. பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் இந்து சமயத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது, அதனால் இந்தச் சனிக்கிழமையிலிருந்து நான் வரவேண்டாம், அலமாரிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். நான்கு வருடம் சம்பளம் வாங்காமல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு தகர ஷீட் போட்ட ஹாலில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவளுக்கு மூன்று வரி. சரி, அதைக்கூட விட்டுவிடலாம். அதற்கு அடுத்த நாள் பெற்றோர் குரூப்பில் ஒரு செய்தி போட்டீர்களே, "பிள்ளைகளை மதம் மாற்றும் நோக்கத்தோடு வந்தவர் நீக்கப்பட்டார்" என்று, அதை விட முடியவில்லை. அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு அம்மா என் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். நீளப் பாவாடை, குளிர்க் கோட்டு, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை, அதில் சிஸ்டர் என்று போட்டு என் குடும்பப் பெயர், கீழே சபையின் பெயர். ஆமாம், அது நான்தான். 2017 பிப்ரவரியிலிருந்து 2018 ஆகஸ்ட் வரை பதினெட்டு மாதம் நான் லண்டனில் மிஷனரி ஊழியம் செய்தேன். நீங்கள் 'மோர்மன்' என்று எழுதியிருக்கிறீர்கள், ஊரே அப்படித்தான் சொல்கிறது, நாங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று சொல்லுவோம். பள்ளியில் சேரும்போது இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை என்பது உண்மைதான், ஆனாலும் நானாகச் சொல்லியிருக்கலாம். அது என் தப்பு. ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை, சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டது உங்களுக்கு ஒளித்த மாதிரித் தெரிந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. டர்பனில் எந்தத் தமிழ்க் குடும்பத்தில் இந்தக் கதை இல்லை? என் சித்தப்பா பெந்தெகோஸ்தே சபையில் சேர்ந்த வாரம் எங்கள் ஆயாவின் காமாட்சி விளக்கைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மெகசின் பேரக்ஸிலிருந்து சாட்ஸ்வர்த்துக்கு லாரியில் எல்லாரையும் ஏற்றிவிட்டபோது ஆயா புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு வந்த விளக்கு அது. ஆயா அதைத் தொட்டியிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடி மாதத்துக் கஞ்சிக்கு அதற்கப்புறம் சித்தப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. இதை எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். பத்தொன்பது வயதில் நானும் வேறு சபையில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது ஆயா முதலில் பார்த்தது என்னை இல்லை, அந்த விளக்கை. "இதத் தொட மாட்டியே?" என்றுதான் கேட்டார். தொடமாட்டேன் என்றேன். ஆயா இறந்த பிறகு அது என் அறையில்தான் இருக்கிறது. நான் ஏற்றுவதில்லை, மாதம் ஒருமுறை தேய்த்து வைப்பேன்.

அந்த லண்டன் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் என்னை நீக்கக் காரணமாகச் சொன்ன அதே பதினெட்டு மாதம்தான் என்னைத் தமிழ் டீச்சர் ஆக்கியது. போகும்போது எனக்குத் தெரிந்த தமிழ் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், உங்கள் வகுப்பில்தான் படித்தேன். வணக்கம், நன்றி, ஒன்றிலிருந்து பத்து, இரண்டு தேவாரம் மனப்பாடம், சாப்பாட்டுப் பெயர்கள், கொஞ்சம் திட்டு. எய்ஸ்டெட்ஃபோட் என்கிற தமிழ்க் கலைப் போட்டியில் குறள் ஒப்பித்து இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும், வேதம் படிக்க வேண்டும், அப்புறம் வெளியே. எப்போதும் ஜோடியாக. என் கம்பானியன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் நான் இருக்க வேண்டும், அவளும் அப்படியே. வீட்டுக்கு வாரம் ஒரு ஈமெயில், வருடத்தில் இரண்டே தடவை போன், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். (2019 பிப்ரவரியில் வாரா வாரம் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.) செலவு நான் போன் கம்பெனி கால் சென்டரில் இரண்டு வருடம் வேலை செய்து சேர்த்த காசு. 'அமெரிக்காக்காரன் சம்பளம் கொடுத்து அனுப்புகிறான்' என்று யாரோ குரூப்பில் எழுதியிருந்தார்கள், அந்தச் சம்பளத்தை எங்கே வாங்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள், போய் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் இரண்டு மாதம் தாங்க முடியவில்லை. டர்பனில் பிப்ரவரி என்றால் வேர்த்து ஊற்றும், அங்கே கை விரலே தெரியாமல் மரத்துப்போகும். கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள், திறந்தாலும் பாதிப் பேர் நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மூடிவிடுவார்கள். ஒரு நாள் மழையில் ஒரே தெருவில் வரிசையாக ஏழு வீடு, எட்டாவது வீட்டில் ஒரு தமிழர். பெயர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "வெக்கமா இல்லையோ உனக்கு?" என்று கேட்டுவிட்டுக் கதவை மூடினார். அத்தனை கதவுகளில் அந்த ஒன்றுதான் உள்ளே போய்த் தைத்தது, ஏனென்றால் எனக்கே அப்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி குளியலறையில் தரையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன். எங்கள் சபையில் 'பரலோகப் பிதாவே' என்று ஆரம்பிக்கப் பழக்குவார்கள், இங்கிலீஷில் நான் ஆயிரம் தடவை சொன்னதுதான். வாயில் வரவில்லை. வந்தது "சாமி, காப்பாத்து" என்பது மட்டும். ஆயா தினமும் படுக்கும்போது கொட்டாவியோடு சொல்லுகிற வார்த்தை. அதையே நாலைந்து தடவை சொன்னேன். வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை, தூக்கம் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் பேச்சைக் கேட்க யாரோ இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது, இன்று வரைக்கும் அந்தச் சந்தேகம் திரும்பவில்லை. விசுவாசம் என்று நான் சொல்லுவது இதைத்தான். இதற்கு மேல் விளக்கத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து எங்களை ஈஸ்ட் ஹாம் பக்கம் மாற்றினார்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் கறிவேப்பிலைக் கட்டு, நகைக்கடை, இட்லிக் கடை, எல்லாப் பக்கமும் தமிழ் போர்டு. எனக்கு ஒன்றுமே படிக்கத் தெரியவில்லை. எங்கள் சபைக் கட்டடத்தில் இலவச இங்கிலீஷ் வகுப்பு நடத்துவோம், அதற்கு ஒரு யாழ்ப்பாணத்து அம்மம்மா வந்தார், எழுபது வயது இருக்கும், மருமகளுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வருவார், டாக்டரிடம் தானாகப் பேச வேண்டும் என்று ஆசை. முதல் நாளே என் பெயரைப் படித்துவிட்டு, "பிள்ளை தமிழோ?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் அவர் பேசப் பேச நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "ஐயோ, கதைக்கத் தெரியாதோ?" திட்டவில்லை, அவருக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

ஒரு ஏற்பாடு பண்ணினோம். அரை மணி நான் அவருக்கு இங்கிலீஷ், அரை மணி அவர் எனக்குத் தமிழ். பேரனுடைய கோடு போட்ட கொப்பி ஒன்றில் எழுதிக் காட்டுவார். நான் 'ழ' எழுதினால் கீழ்ச் சுழியை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவேன், அவர் என் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து முடிப்பார், அந்தக் கை எப்போதும் வெங்காய வாசனை அடிக்கும். ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டார். "தேத்தண்ணி குடியுங்கோ." நாங்கள் தேநீர், காப்பி குடிப்பதில்லை, அதைச் சொன்னேன். "ஏன், குடிச்சா உங்கட கடவுள் கோவிப்பாரோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார். என் அமெரிக்கக் கம்பானியனுக்கு அந்த வீட்டில் ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமே, பாவம், அதிரசமாகத் தின்று தீர்த்தாள்.

அந்த அம்மம்மா எங்கள் சபையில் சேரவில்லை. எங்கள் புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்தார், பக்கத்திலேயே முருகன் படம், கடைசி வரைக்கும் அவருக்கு முருகன்தான். பதினெட்டு மாதத்தில் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று சபைக்குள்ளேயே சிலர் கேட்பார்கள், என் கணக்கு ரொம்பக் கம்மி. ஆனால் சந்தோஷம் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருவது அந்த அடுப்படி மேசைதான். இன்னொருவருக்காகப் போய் உட்கார்ந்தால் தன் கவலை காணாமல் போகும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நான்கு வருடமாகச் சனிக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு உங்கள் ஹாலுக்கு வந்ததும் அங்கே பழகிய பழக்கம்தான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் போனில் அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு ஆயாவிடம் கொடுக்கச் சொன்னேன். அதுவரைக்கும் நானும் ஆயாவும் பேசியது எல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவ்வளவுதான், மற்றதெல்லாம் அம்மா நடுவில் இருந்து சொல்லுவார். அன்றைக்கு நான் இருபது நிமிடம் நிறுத்தாமல் தமிழில் பேசினேன். ஆயா அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யாரு இது? நம்ம பிள்ளையா? சிலோன்காரி மாதிரி பேசுறியே!" என்றார். ஊருக்கு வந்த பிறகு மூன்று வருடம் எனக்கு ஆயா கிடைத்தார். கரும்புத் தோட்டத்தில் அவருடைய அம்மா பட்ட பாடு, டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் பாதி ராத்திரியில் தண்ணீருக்கு நின்றது, பாட்டுக்கள், ஒப்பாரி, எல்லாம். பேரப்பிள்ளைகள் பதினோரு பேரில் அதை எல்லாம் அவர் வாயால் தமிழில் கேட்டவள் நான் ஒருத்திதான். மதம் மாறினால் மொழி போய்விடும் என்று உங்கள் தீர்மானத்தில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற பத்துப் பேரும் மதம் மாறாதவர்கள் அல்லது சித்தப்பா பிள்ளைகள். அவர்களில் யாராவது உங்கள் தீர்மானத்தைத் தமிழில் படித்துவிட்டால் நான் இந்த மடலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்று, தீர்மானத்தை நீங்களே இங்கிலீஷில்தான் எழுதியிருந்தீர்கள்.

இனி வகுப்புக்கு வருவோம். தேவாரத்தோடு வகுப்பு ஆரம்பிக்கும்போது நான் பாடமாட்டேன், கை கூப்பி நிற்பேன், பாட்டை மூத்த டீச்சர் அக்கா எடுப்பார், அவரையே கேளுங்கள். நான்கு வருடத்தில் என் சபையைப் பற்றி வகுப்பில் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. இடைவேளையில் ஒரு சின்னப் பெண், ஏன் டீச்சர் நீங்க மட்டும் டீ குடிக்கறதில்ல என்று கேட்டாள். எங்கள் சபையில் பழக்கம் இல்லை என்றேன். ஓகே டீச்சர் என்று பிஸ்கட்டைத் தின்னப் போய்விட்டாள். இதுதான் மதமாற்றம் என்றால் பிஸ்கட்டுக்கு இருந்த செல்வாக்குக்கூட எனக்கு இல்லை.

'அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த மதம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1830-ல் நியூயார்க் மாகாணத்தில் ஆரம்பித்தது, அது சரி. எங்கள் முதல் மிஷனரிகள் கேப் டவுனில் வந்து இறங்கியது 1853-ல், ஒப்பந்தக் கூலிகளாக நம் சனங்களை முதலில் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16-ல். அந்தக் கப்பலில் மதராஸிலிருந்து வந்த 342 பேரில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், நவம்பரில் நினைவு நாள் கொண்டாடும்போது அவர்களைக் கழித்துவிட்டா எண்ணுகிறோம்? பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதுகிறதே, தோட்டத்துச் சனங்களுக்கு அந்த நாளில்தான் லீவு கிடைத்தது என்று நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். எய்ஸ்டெட்ஃபோட்டுக்குக் குறள் படிக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் தாளில் இருக்கிற இங்கிலீஷ் பொருள் 1886-ல் போப் ஐயர் எழுதியது. அவர் மிஷனரி. தீர்மானத்தை ஒழுங்காக அமல்படுத்துவதானால் அந்தத் தாளையும் எடுத்துவிட வேண்டும்.

என் சபையை நல்ல பிள்ளையாகக் காட்டவும் நான் எழுதவில்லை. 1978 வரைக்கும் கறுப்பினத்து ஆண்களுக்கு எங்கள் சபையில் ஆசாரியத்துவம், அதாவது சபையில் சடங்குகள் நடத்தும் அதிகாரம், கொடுக்கவில்லை. இந்த நாட்டில் அதற்கு மேலே ஒன்று, 1954 வரைக்கும் அதைப் பெற ஆண்கள் தங்கள் வம்சம் ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருந்து வந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. நான் சேரும்போது இதைப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன், இன்றைக்கும் எனக்கு அது முள்தான். என்ன செய்கிறாய் என்று பார்க்காமல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று பார்த்துக் கதவை மூடுவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டை இழந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்த உங்களுக்கும் தெரியும். 1996 அரசியல் சாசனத்தில் தமிழின் பெயர் வருவது ஆறாவது பிரிவில், மொழிகளுக்கான பிரிவில். மதத்துக்குப் பதினைந்தாவது பிரிவு தனியாக இருக்கிறது. நாட்டுச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது, நம் தகர ஹாலில் ஏன் ஒட்ட வைக்கிறீர்கள்?

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தீர்மானத்தைக் குழுவுக்குள் முடித்துவிடாமல் பொதுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், பெற்றோரும் இருக்கட்டும், என்னையும் பேச விடுங்கள், அதன் பிறகு ஓட்டு எடுத்து வேண்டாம் என்றால் நான் வரமாட்டேன். மதம் மாற்றும் நோக்கத்தோடு வந்தேன் என்ற செய்தியை அதற்கு முன்னாலேயே, இந்த வாரமே, அதே குரூப்பில் திருத்த வேண்டும். இது கெஞ்சல் இல்லை. வகுப்பில் யாரும் எந்த மதத்தையும் பிரசாரம் செய்யக் கூடாது என்று ஒரு விதி எழுதுங்கள், எல்லா டீச்சர்களுக்கும் பொதுவாக, முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இதில் எதற்கும் மனம் வரவில்லை என்றாலும், எய்ஸ்டெட்ஃபோட்டுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, அதுவரைக்குமாவது என் பன்னிரண்டு பிள்ளைகளை என்னிடம் விடுங்கள். மூத்த டீச்சர் அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கவில்லை, வேண்டுமென்றேதான். கூட்டத்துக்குக் கொண்டுவந்து தலைவர் ஐயா கையில் கொடுக்கிறேன், சின்ன வயதில் அங்கிள் என்று கூப்பிட்டவரின் கையில். திருத்தி வைத்த பன்னிரண்டு நோட்டும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. மூன்றாவது நோட்டு அந்தப் பிஸ்கட் பெண்ணுடையது, அவளுக்கு 'ழ' இன்னும் சரியாக வரவில்லை, கீழ்ச் சுழியைப் பாதியிலேயே விட்டுவிடுகிறாள். யார் வகுப்பு எடுத்தாலும் அவள் கையைப் பிடித்து ஒரு பக்கம் எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி,
சனிக்கிழமைத் தொடக்க வகுப்பு டீச்சர்,
சாட்ஸ்வர்த்